ட்ரூ என்று போட்டு வைத்திருந்தேன்

ஜூலை 8, திங்கள்

துறைத் தலைவர் இன்று என் தலையில் ஒரு வகுப்பைக் கட்டிவிட்டார். காது கேளாத மாணவர்களுக்கான சிறப்புப் பிரிவில் மூன்றாம் செமஸ்டருக்கு சி என்ற கம்ப்யூட்டர் மொழி நடத்த வேண்டுமாம். நடத்திக்கொண்டிருந்தவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். "நீங்கதான் அரசி மேடம் பொறுமையானவங்க" என்றார். இத்தனை வருட பாலிடெக்னிக் வாழ்க்கையில் என்னைப் பொறுமைசாலி என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அதுவும் காரியம் ஆக வேண்டியிருந்ததால்.

வகுப்பில் சகாயராணி என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். நான் பேசப் பேசப் பக்கத்தில் நின்று சைகையில் சொல்கிறார். என் வயதுதான் இருக்கும். அவர் கை ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டு நானே இரண்டு முறை பாடத்தை விட்டுவிட்டேன். ஸ்ட்ரக்சர் ஆரம்பித்தேன். ஒரு ஆளின் பெயர் எழுத்துகளால் ஆனது, வயது எண், மார்க் தசம எண். வகை வகையான இந்த விவரங்களை ஒரே பெயரின் கீழ் கட்டிவைப்பதுதான் ஸ்ட்ரக்சர் என்று சொல்லி, என்னையே உதாரணமாக வைத்துப் பலகையில் எழுதிப் போட்டேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மற்ற வகுப்புகளில் இவ்வளவு சுமுகம் கிடைக்காது.

சாயங்காலம் என் பையன் மகிழுக்குத் தடுப்பூசி. ஒன்றே முக்கால் வயதாகியும் பேச்சு வரவில்லையே, காதை ஒருமுறை சோதித்துவிடுங்கள் என்றார் டாக்டர். என் கணவர் கதிரேசன் மூன்று வயதில்தான் வாயைத் திறந்தாராம். இப்போது எலக்ட்ரிக்கல் கடையில் உட்கார்ந்து அவர் பேசுகிற பேச்சை மூடத்தான் ஆளில்லை. பரம்பரை என்று ஒன்று இருக்கிறதே. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 11, வியாழன்

அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். உப்புமா. இவர் முகம் உப்புமாவைவிடக் கட்டியாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

தேர்வு வைத்தேன். உங்களைப் பற்றி ஒரு ஸ்ட்ரக்சர் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். திருத்த உட்கார்ந்தால் எல்லாத் தாளிலும் பெயர் மங்கையர்க்கரசி, வயது முப்பத்து மூன்று. நான் பலகையில் எழுதியதை அச்சுப் பிசகாமல் வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு சகாயராணியிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். புரிந்ததா என்று கேட்டபோது எல்லோரும் தலையை ஆட்டினார்களே, ஏன் ஏமாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"மேடம், அவங்க தலையாட்டுனா புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. கேட்டுட்டீங்கல்ல, விட்டுடுங்கன்னு அர்த்தம். சின்ன வயசுலேருந்து காது கேக்குறவங்ககிட்ட தப்பிக்க அது ஒண்ணுதான் வழி. எங்கப்பாவும் அம்மாவும் இன்னிக்கும் அதான் செய்றாங்க, ரேஷன் கடையில, பேங்குல, எல்லா இடத்துலயும்."

அவருடைய அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. சைகைதான் அவருக்குத் தாய்மொழியாம், தமிழ் பக்கத்து வீட்டில் கற்றதாம்.

புரிந்ததா என்று இனிமேல் கேட்பதில்லை. செய்து காட்டச் சொல்லப்போகிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

சைகையில் ஸ்ட்ரக்சருக்குச் சொல்லே இல்லை. ஒவ்வொரு முறையும் எழுத்து எழுத்தாக விரலில் காட்ட வேண்டியிருக்கிறது. நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரிய சண்டை நடந்தது, சத்தமே இல்லாமல். கடைசியில் பாலக்கரை ஹசீனா ஜெயித்தாள். அவள் சைகையில் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிறகு மேலே ஒரு பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். டிபன் கேரியர். அடுக்குக்கு ஒரு பதார்த்தம், தூக்க ஒரே பிடி. நான் இரண்டு வாரமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவள் மதியச் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

உண்மை, பொய் இரண்டில் ஒன்றை மட்டும் வைக்கிற பூலியனுக்கு, சுவரில் சுவிட்சைத் தட்டும் விரல். கீழே தட்டினால் ட்ரூ, மேலே தட்டினால் ஃபால்ஸ். சைகை எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வீட்டில் சமைத்துக்கொண்டே டிபன் கேரியரைத் தூக்கிப் பார்த்தேன். மகிழ் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடித் திருவிழாவுக்கு இவருடைய ஊருக்குப் போயிருந்தோம். கோயில் வாசலில் வேட்டுப் போட்டார்கள். சுற்றியிருந்த குழந்தைகள் எல்லாம் வீரிட்டு அழுதன. மகிழ் மட்டும் இவர் தோளில் உட்கார்ந்து புகையைப் பார்த்துச் சிரித்தான். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சிங்கக்குட்டி, வேட்டுக்கே அசரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பகலில் மகிழைப் பார்த்துக்கொள்வது இவருடைய அக்காதான். அந்த அண்ணி, நாக்கில் தேன் தடவினால் பேச்சு தானாக வரும் என்றார். தடவினோம். தேன் அவனுக்குப் பிடித்திருந்தது.

திரும்பி வந்ததும் அவனுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். திரும்பினான். நன்றாகவே திரும்பினான். என் நிழல் அவனுக்கு முன்னால் சுவரில் விழுந்திருந்தது என்னவோ உண்மைதான். இருந்தாலும் திரும்பினான். குளிக்கவைக்கும்போது "ம்மா" என்றும் சொன்னான். இதை எழுதிவைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று பூலியன். இதில் ட்ரூ என்பது ஒன்று, ஃபால்ஸ் என்பது பூஜ்யம். வேறு என்ன எண்ணைக் கொண்டுவந்து அதில் போட்டாலும், பூஜ்யமாக இல்லாதவரை கம்ப்யூட்டர் அதை ஒன்றாக்கிவிடும். ஐந்து போட்டால் ஒன்று, ஐந்நூறு போட்டாலும் ஒன்று.

மாணவர் என்று ஒரு ஸ்ட்ரக்சர் எழுதி, பெயர், வயது, ஊர், அதற்குக் கீழே பூலியனில் 'கேட்கும்' என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். இந்த வகுப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் தோன்றவில்லை எனக்கு. முன் வரிசையில் இருக்கும் வேல்ராசு எழுந்துவந்து சாக்பீஸை வாங்கி 0.1 என்று எழுதினான். இதைப் போட்டால் என்ன வரும் என்று கேட்டான். போட்டுக் காட்டினேன். ஒன்றுதான் வந்தது. ட்ரூ.

அவன் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. சகாயராணி அவன் கையைப் பார்த்துச் சொன்னார்.

"லாரி பக்கத்துல வந்து ஹார்ன் அடிச்சா எனக்கு லேசா கேக்கும். பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப வாத்தியார் பின்னாடி மணி அடிச்சாரு. திரும்பிட்டேன். கேக்குதுன்னு எழுதிட்டாங்க. அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன் மேடம். ஒரு வார்த்தை தெரியாது எனக்கு."

பிறகு அவனே என் 'கேட்கும்' வரியை அழித்துவிட்டு, பூலியனுக்குப் பதில் தசம எண்ணாக ஒரு விவரம் எழுதினான். எத்தனை டெசிபல் சத்தத்துக்கு மேல் கேட்கிறது என்பதை அதில் போட வேண்டும். சரியான திருத்தம். பாராட்டினேன்.

தலைவலி. சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றத்துக்குக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் மகிழையும் கூட்டிப்போனேன். என் வகுப்பு அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஹசீனா தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள், அவன் திரும்பினான். முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். அவள் முகத்தையே பார்த்தான். வீட்டில் யார் முகத்தையும் அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மிட்டாய் கொடுத்தும் என்னிடம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போகும் நேரத்தில் ஹசீனா சகாயராணியிடம் என்னவோ கேட்டாள். சகாயராணி அதை எனக்குச் சொல்லவில்லை. எதையும் விடாமல் சொல்கிறவர் இதை விழுங்கினார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றார். மறுபடியும் கேட்டேன்.

"தம்பி நம்ம ஆளான்னு கேக்குறா."

இல்லை என்று சொன்னேன். சட்டென்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். ஹசீனா என் வாயைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இவர் கடைக் கணக்கு பார்க்கப் போயிருந்தார். மகிழைத் தரையில் விடாமல் பஞ்சு மெத்தை நடுவில் உட்காரவைத்தேன். பாட்டில் மூடிகளைக் கொட்டிக் கொடுத்தேன். அவனுக்கு அது இருந்தால் உலகமே வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, நிழல் விழாத பக்கமாகப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காலை அசைக்கவில்லை.

மகிழ் என்றேன்.

மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

மறுபடி கூப்பிட்டேன். இன்னும் சத்தமாக. கடைசியில் கத்தினேன். பக்கத்து வீட்டு விமலா என்னவோ ஏதோ என்று ஓடிவந்து கதவைத் தட்டினாள். அவன் அடுக்கு சரிந்தது. அதற்குச் சிரித்தான்.

நிழலையும் தரை அதிர்வையும் சேலை பட்ட காற்றையும் எடுத்து எடுத்து நான் ஒன்றாக்கி, ட்ரூ என்று போட்டு வைத்திருந்தேன். டாக்டர் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இவரிடம் சொன்னேன். "நாளைக்குப் பேசலாம்" என்றார். இல்லை, இன்றைக்கே பேச வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சோதனை முடிந்தது. தூங்குவதற்கு மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். காதில் சத்தம் கொடுத்தால் மூளை பதில் சொல்கிறதா என்று திரையில் கோடாகத் தெரியும். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். கோடு எழும்பவில்லை. பார்த்த பெண் சின்ன வயதுதான். திரையை என் பக்கம் திருப்பிவைத்து நிதானமாகச் சொன்னார். இரண்டு காதும். ஏறக்குறைய முழுமையாக. முதலில் கருவி மாட்டிப் பார்க்கலாம், பிறகு அறுவைச் சிகிச்சை, அரசுக் காப்பீட்டில் வழி இருக்கிறது, சீக்கிரம் செய்தால் நல்லது என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். மகிழ் இன்னும் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தேடினார். வண்டி எதிரிலேயே இருந்தது.

"வேட்டுக்குப் பயப்படலன்னு ஊர் பூரா சொன்னேனேடி" என்றார். அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. மருத்துவமனை வாசலில், டீக்கடைக்காரர் பார்க்க, இருவரும் நின்று அழுதோம்.

வீட்டுக்கு வந்து அவனைப் படுக்கவைத்தபோதுதான் உறைத்தது. மகிழ், மகிழ்க்குட்டி என்று பிறந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இவனுக்குத் தனக்கொரு பெயர் இருப்பதே தெரியாது. நான் பாடியது, கொஞ்சியது, திட்டியது ஒன்றுமே போய்ச் சேரவில்லை. எங்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு இத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறான், என் மடியில் உட்கார்ந்தபடியே.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒரு வாரம் கழித்து வகுப்புக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சகாயராணியைச் சொல்லவிடவும் மனமில்லை. பலகையில் குழந்தை என்று ஒரு ஸ்ட்ரக்சர் போட்டேன். பெயர் மகிழ்நன். வயது எழுதினேன். மூன்றாவதாகப் பூலியனில் 'கேட்கும்' என்று எழுதி, எதிரே ஃபால்ஸ் என்று எழுதினேன். எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்ப முடியவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி பலகையைப் பார்த்தே நின்றேன்.

முதுகில் தட்டியது ஹசீனா. பரிதாபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. ஸ்ட்ரக்சர் பாதியில் நிற்கிறது என்று பலகையைக் காட்டினாள். இவன் என்ன சாப்பிடுவான்? தோசையில் முறுகலான ஓரம் மட்டும் என்றேன். எழுதினாள். எதைப் பார்த்துப் பயப்படுவான்? சீப்பு. என்ன பிடிக்கும்? பாட்டில் மூடி. யாரைப் போல? கோபத்தில் என்னை, மற்றதில் அப்பாவை. ஒவ்வொருவராகக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பலகை நிரம்பி, சாக்பீஸ் தீர்ந்து, வேல்ராசு ஓடிப்போய் வேறு வாங்கிவந்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பிள்ளையைப் பற்றி முழு வகுப்பு நேரமும் பேசினேன். எனக்கே தெரியவில்லை இவனைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும் என்று. 'கேட்கும்' வரி எங்கோ மேலே இருந்தது. அழிக்கவும் இல்லை, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பெயருக்கு மட்டும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மகிழ்நன் என்று விரலில் காட்டினேன். அது தாளில் எழுதுகிற பெயர், கண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். அதைக் காது கேட்கிறவர்கள் வைக்கக் கூடாதாம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வைப்பார்களாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சகாயராணி, ஹசீனா, வேல்ராசு மூவரும் வந்தார்கள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. இப்போதே கையை ஆட்டப் பழக்கினால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் வாய்ப்பேச்சு வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காது டாக்டரிடம் கேட்டேன், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்றார். இவர்தான் இரண்டு பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் திடீரென்று வேல்ராசுவிடம், உன் அம்மாவோடு நீ எப்போதிலிருந்து பேசுகிறாய் என்று கேட்டார். சகாயராணி சைகையில் கேட்டார். அவன் கை சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"பெரிய பையனாகி சைகை படிச்சு, அத அம்மாவுக்கு நான் கத்துக்குடுத்தேன். அதுக்கு முன்னாடி அம்மான்னா சோறு போடுறவங்க, அவ்வளவுதான்."

இவர் எழுந்துபோய்க் கை கழுவினார். கழுவின கையை மறுபடி கழுவினார். திரும்பி வந்து மகிழுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என்ன பேருன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார்.

ஹசீனா அவனை மதியம் முழுக்கக் கவனித்திருந்தாள். பாட்டில் மூடி கையில் கிடைத்ததும் முதலில் அதைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு திருகுவானாம். சில்லென்று இருக்கிறதோ என்னவோ. பெற்ற நான் இதைக் கவனித்ததில்லை. அதுதான் பெயர். விரலை மடக்கிக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு. இவர் செய்துபார்த்தார். பல்வலிக்காரர் போலிருந்தது. ஹசீனா அவர் விரலைப் பிடித்துச் சரியாக வைத்தாள்.

கூடவே வீட்டுக்கு வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தார்கள். பால், வா, போதும், அப்பாவுக்கு மீசை முறுக்கு, அம்மாவுக்கு மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஒரு விரல். நாள் முழுக்கச் செய்துகொண்டே இருங்கள், அவன் பதிலுக்குச் செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள் என்றார் சகாயராணி.

செப்டம்பர் 24, செவ்வாய்

செய்கிறோம். பதிலில்லை. கருவி மாட்டினால் பிடுங்கி எறிகிறான். அறுவைச் சிகிச்சைக்கு ஸ்கேன் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அண்ணி யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் மகிழின் பெயரைப் பழகிக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

வகுப்பில் மாதிரித் தேர்வு. அத்தனை பேரும் அவரவர் பெயரை எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் வரி முடிவில் போட வேண்டிய அரைப்புள்ளியை விட்டிருந்தான். சந்தோஷமாக மார்க்கைக் கழித்தேன்.

வீட்டில் பதிலில்லை.

அக்டோபர் 12, சனி

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகிழ் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தான். நான் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, வழக்கம்போல் கன்னத்தில் விரலைத் திருகினேன். நம்பிக்கையோடு செய்யவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்வதில் அதுவும் ஒன்று.

அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடியில் இருந்த பையனைப் பார்த்தான். கையில் மூடி எதுவும் இல்லை. முஷ்டியை அப்படியே கன்னத்தில் வைத்துத் திருகினான். கண்ணாடிப் பையனும் திருகினான். உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான்தானே அது என்கிற பார்வை. அதை வேறு எப்படியும் எழுத எனக்குத் தெரியவில்லை.

நீதான், நீதான் என்று அவனைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன், கையாலும் வாயாலும். மடித்த துணியெல்லாம் கீழே சரிந்தது. அவன் அதோடு விடவில்லை. என் நெஞ்சில் விரலைக் குத்திவிட்டுக் காத்திருந்தான். தனக்கு ஒரு பெயர் இருந்தால் எனக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான்.

மூக்கோரத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா.

நன்றாகப் பார்த்துக்கொண்டான். பிறகு என் மடியில் ஏறி நின்று, விரலை நீட்டி, தன் மூக்கில் வைப்பதற்குப் பதிலாக என் மூக்கில் வைத்தான். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். பிறகு மறுபடியும்.

இவர் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வாயால் கூப்பிடத் தோன்றவில்லை. தரையை ஓங்கி மிதித்தேன். இவர் திரும்பிப் பார்த்தார்.

சைகை அவரவர் முகத்தில்தான் செய்ய வேண்டும். நான் திருத்தவில்லை.